‘வேண்டாம்’ சொல்லக் கூலிக்கு ஒரு ஆள்

பழைய வண்டி பார்த்துச் சொல்கிற தொழிலில் வண்டியைப் பார்ப்பது கால்வாசி வேலைதான். மீதி முக்கால்வாசி, விற்கிறவர் முகத்தைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்வது.

யாங்கோனில் பழைய கார் வாங்கப் போய் வயிறு எரிந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தாமுவேயில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன். முழங்கால் மக்கர் செய்ததும் வண்டிக்கடியில் படுப்பதை விட்டுவிட்டு, வாங்குகிறவர்களோடு துணைக்குப் போய்ப் பார்த்துச் சொல்லத் தொடங்கினேன். எல்லோரும் ‘சயா’ என்பார்கள். வாத்தியார் என்று அர்த்தம். இங்கே மெக்கானிக்குக்கும் அதே பட்டம்தான்.

இந்த ஊரில் ‘ஆனாடே’ என்று ஒன்று உண்டு. எதிரில் இருப்பவர் மனசு நோகுமே என்று வாய் எழாமல் போகிற கூச்சம். நம் ஊர் தாட்சண்யத்துக்கு அண்ணன் முறை. அவர் டீ கொடுத்துவிட்டார், நாற்காலி போட்டுவிட்டார், இனி வண்டி பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அதற்குத்தான் என்னைக் கூட்டிப் போவார்கள். எனக்கு அந்தக் கூச்சம் துளியும் கிடையாது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தாகேதாக்காரர்

செல்வம் கியாக்டடாவில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். வீடு தாகேதாவில், பள்ளமான ஒரு சந்தில். மழை வலுத்தால் சந்தில் முழங்கால் தண்ணீர். டாக்ஸிக்காரன் முக்கிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். அவர் மனைவி மல்லிகாவுக்குத் தலைப்பிரசவம், நல்ல மழைக்காலத்தில் நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் தண்ணீரில் போகிற மாதிரி, தரையிலிருந்து உயர்ந்து நிற்கிற குட்டி எஸ்யூவி ஒன்று வேண்டும்.

என்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு வண்டிக்குச் சரி என்று தலையாட்டிவிட்டு, போனை அணைத்துவிட்டு ஒளிந்திருந்தார். ஏனய்யா இப்படி என்று கேட்டேன்.

“வேணாம்னு நான் எப்படிண்ணே சொல்றது? ஆனாடே! நீங்களே வந்து சொல்லிடுங்க.”

டாக்டரம்மா வண்டி

முதல் வண்டியைக் காட்டியவர் கோ துன் என்கிற தரகர். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு எனக்குத் தெரிந்த ஒரு விஷயம்: யாங்கோனில் விற்பனைக்கு வருகிற எல்லாக் கார்களையும் ஒரு டாக்டரம்மாதான் ஓட்டியிருக்கிறார். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு, விசேஷ நாளில் புத்தர் கோயில். அவ்வளவுதான் ஓட்டம். அந்த அம்மாள் எப்போது வைத்தியம் பார்த்தாரோ தெரியாது.

கோ துன்னும் அந்த டாக்டரம்மா கதையைத்தான் கொண்டுவந்தார். மீட்டரும் அதற்கேற்றபடி பச்சைக் குழந்தை மாதிரி கொஞ்சமாகத்தான் காட்டியது. நான் குனிந்து பிரேக் பெடலைப் பார்த்தேன். ரப்பர் முழுக்கத் தேய்ந்து இரும்பு பளபளத்தது. டாக்ஸியில்கூட அப்படித் தேய்ந்து நான் பார்த்ததில்லை. கோ துன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணிமைக்காமல் பர்மியத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“டாக்டரம்மாவுக்குக் கால் கொஞ்சம் கனம், சயா.”

ஓடாத வண்டி

அடுத்தது எங்கள் தாமுவேயிலேயே, ஒரு அடுக்குமாடி வாசலில் நின்றது. டோ ம்யிண் என்கிற அம்மாள் விற்றார். மீட்டர் குறைவு, பெடல் ரப்பர் புதுசு, டயரில் பிசிறுகூட உதிரவில்லை. செல்வத்தின் முகம் மலர்ந்தது. எனக்கும் ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. பின்கதவைத் திறந்தால் உள்ளே இரண்டு தலையணை, ஒரு விசிறி, குழந்தையின் பால் புட்டி. ஆயில் குச்சியை உருவினேன். தார் மாதிரி வந்தது.

அப்புறம்தான் விளங்கியது. கரண்ட் போகிற நேரமெல்லாம் குடும்பமே கீழே இறங்கி வண்டிக்குள் ஏறி, இன்ஜினைப் போட்டு, ஏசியில் படுத்துக்கொள்ளும். இந்த ஊரில் கரண்ட் எவ்வளவு நேரம் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வண்டி வாசலை விட்டு நகரவில்லை. இன்ஜின் மட்டும் மாண்டலே போய்ப் போய் வந்திருக்கிறது. வண்டி ஓடவே இல்லை என்றீர்களே அம்மா என்றேன்.

“வண்டி ஓடலைன்னுதானே சொன்னேன். இன்ஜின் ஓடலைன்னு யார் சொன்னது?”

எண் பொருத்தம்

மூன்றாவது வண்டி தங்கம். பொய் சொல்லவில்லை, தட்டிப் பார்த்த இடமெல்லாம் நல்ல சத்தம். என் வாயால் ‘வாங்குங்கள்’ என்று சொன்னேன். அப்படி நான் சொல்வது அமாவாசைக்கு அமாவாசை நடக்கிற காரியம்.

செல்வத்தின் மாமியார் கண்ணம்மா, வண்டி நம்பரை எழுதி எடுத்துக்கொண்டு கோயில் ஐயரிடம் போனார். ஐயர் நல்ல எண் என்றார். அதோடு விட்டிருக்கலாம். திருப்திப்படாமல் பர்மிய ஜோசியரிடமும் போனார். அவர், சனிக்கிழமை பிறந்த மல்லிகாவுக்கு இந்தக் கூட்டுத்தொகை ஆகாது என்றார். ஆக, ஒன்றுக்கு ஒன்று தள்ளுபடி. மூன்றாவதாக ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வேறு யாரோ வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பிரசவத்துக்கு நாள் நெருங்குகிறது அம்மா, நம்பரா பிள்ளையைச் சுமக்கப் போகிறது என்று கத்தினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

“இன்ஜினை நீங்க பாத்தாச்சு, சயா. நம்பரை யாரு பாக்கறது?”

பின்சீட் சாட்சி

நான்காவது, செல்வம் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி. ஊ செயின் மௌங் என்கிற பெரியவர், போனதுமே லப்பெ தட்டை நீட்டினார். ஊறிய தேயிலை, வறுத்த கடலை, பூண்டு எல்லாம் தாராளமாக இருந்தது. செல்வம் ஒரு வாய் போட்டதுமே பாதி வண்டியை வாங்கிவிட்ட முகத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

நான் நேராகப் பின்சீட்டுக்குப் போனேன். இந்த ஊரில் பின்சீட்டில் பெல்ட் போடுகிறவர் கிடையாது. ஜப்பானிலிருந்து வண்டி வந்து இறங்கியபோது எப்படிச் சுருண்டிருந்ததோ அப்படியே கிடக்கும். தண்ணீரில் முங்கின வண்டிக்குச் சீட்டைக் கழுவுவார்கள், கார்ப்பெட் மாற்றுவார்கள், வாசனை அடிப்பார்கள். அந்தப் பெல்ட்டை மட்டும் மறந்துவிடுவார்கள். முழு நீளத்துக்கும் இழுத்தேன். பாதிக்கு மேல் காய்ந்த சேறு, கோடு போட்ட மாதிரி. ஸ்டெப்னி டயரைத் தூக்கினால் அடியில் துரு. முங்கின வண்டியின் ஒயரிங்கை நம்ப முடியாது. என்றைக்கு எது நிற்கும் என்று அதற்கே தெரியாது. ‘வேண்டாம்’ என்றேன், லப்பெயை மென்றுகொண்டே. பெரியவர் கோபப்படவில்லை.

“தண்ணி வந்துச்சு, போச்சு. வண்டி இங்கேயேதானே நிக்குது, சயா?”

மழை

ஐந்தாவது வண்டியைப் பார்ப்பதற்குள் மல்லிகாவுக்கு வலி வந்துவிட்டது. மத்தியானம், கொட்டுகிற மழை. செல்வம் போனில் அழுகிறார். நான் தாமுவே முக்கில் குடையோடு நின்று டாக்ஸி டாக்ஸியாக நிறுத்துகிறேன். தாகேதா என்று சொன்னதுமே கண்ணாடி ஏறிவிடுகிறது. மூன்று வண்டியைக் கழித்துக் கட்டியவன் நான்தானே. கடைசியில், அந்தச் சேற்று வண்டிக்காரர் வீட்டுக்கு ஓடு என்றேன்.

“அவர் வண்டியை வேணாம்னு சொல்லிட்டு எப்படிண்ணே போய்க் கேக்கறது? ஆனாடே...” என்றார் செல்வம், அந்த நேரத்திலும்! நான் என் வாழ்நாளில் யாரையும் திட்டாத வார்த்தையில் அவரைத் திட்டினேன். ஓடினார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பெண் குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் சுகமாக இருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாசலில் அந்தச் சேற்று வண்டி. பக்கத்தில் ஊ செயின் மௌங், லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவரே ஆரம்பித்தார்.

“நீங்க சொன்னது சரிதான், சயா. இது முங்கி எந்திரிச்ச வண்டி. அதான் தண்ணியைப் பாத்து அது பயப்படலை.”

நன்றி தாங்காமல் செல்வம் அந்த வண்டியையே கேட்ட விலைக்கு வாங்கிவிட்டார். இப்போது மழை வந்தால் வைப்பர் போடும்போது ஹாரன் அடிக்கிறது, உடனே செல்வம் எனக்குப் போன் அடிக்கிறார், நானும் அந்த வண்டியைப் பற்றி ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்து வாயெடுத்து மூடிக்கொள்கிறேன், ஆனாடே.