ஓட்டமணி

அடித்து ஓய்ந்த பிறகும், அந்தத் தண்டவாளத் துண்டில் உள்ளங்கையை வைத்தால் ஒரு நடுக்கம் கொஞ்ச நேரம் இருந்துகொண்டே இருக்கும். கல்லடி என்ற எங்கள் கரையோர ஊரில், ஆரம்பப் பாடசாலையின் வெண்கல மணியைக் கடல் கொண்டுபோய்விட்டதால், சுனாமிக்கு அடுத்த ஆண்டு வேப்பமரக் கிளையில் கம்பி கட்டி அதைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த நடுக்கத்தை எனக்குக் காட்டித் தந்தவள் ரஜிதா. பிறவியிலேயே காது கேளாதவள், அதனால் பேச்சும் வராதவள். மணி அடித்து முடிந்ததும் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்து, என் கையையும் இழுத்து அதில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

கடல் அடித்த காலையில் அயலார் கத்தியது கேட்காமல் அவள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்ததும், தகப்பன் அவளைத் தூக்கி மதிலில் ஏற்றிவிட்டுத் தான் தண்ணீரோடு போய்விட்டதும் ஊருக்கே தெரிந்த கதை. அதுவரை வீட்டோடு இருந்த பிள்ளையை அவள் அம்மா எங்கள் நான்காம் வகுப்புக்குக் கூட்டிவந்து, "எழுத்துப் படிக்காட்டியும் பரவாயில்ல டீச்சர், திரும்பக் கடல் வந்தா ஓடுற சனத்துக்குள்ள என்ட புள்ளயும் இரிக்கட்டும்" என்றார். "காது கேக்காத புள்ளைக்கு ஒண்டு நடந்தா ஆரு பதில் சொல்லுற?" என்று பாடசாலை அதிபர் தயங்க, மலர் டீச்சர் என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, "இவ அந்தப் புள்ளட கையப் புடிச்சிட்டு ஓடுவா சேர்" என்றார். நான் பெருமையோடு ஓம் என்றேன். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

சாதாரண மணி விட்டுவிட்டு அடிக்கும். விடாமல் அடித்தால் அது "ஓட்டமணி", புத்தகம் செருப்பு எதையும் பார்க்காமல் கடலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் வாவிப் பாலம் வரை ஓட வேண்டும். ரஜிதாவிடம் சைகையில் எதைக் கேட்டாலும் தலையாட்டுவாள். விளங்கியதா என்றாலும் ஆட்டுவாள், விளங்கவில்லையா என்றாலும் அதே ஆட்டல். நாங்கள் அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்போம், அவளும் சேர்ந்து சிரிப்பாள். கணக்கில் மட்டும் என்னைவிடக் கெட்டிக்காரி, அது எனக்குப் பிடிக்காது.

ஒரு நாள் இடைவேளைக்குச் சற்று முன், கடல் உள்வாங்குதாம் என்று யாரோ சைக்கிளில் கத்திக்கொண்டு போக, ஓட்டமணி அடித்தது. நான் ஓடினேன். பாலத்தில் ஏறி மூச்சு வாங்கும்போதுதான் என் வலது கை வெறுமையாக இருப்பதைக் கண்டேன், ஆனாலும் திரும்பிப் போகக் கால் வரவில்லை.

கடல் வரவில்லை, எல்லாம் வெறும் கதை. திரும்பி வந்து பார்த்தால், ரஜிதா வகுப்பு வாசலில் தனியே குந்தியிருந்து, நாங்கள் சிதறவிட்டு ஓடிய செருப்புகளைப் பொறுக்கிச் சோடி சேர்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. கடல் அடித்த மறுநாள் கரை முழுக்கக் கிடந்தவையும் செருப்புகள்தான்.

"நான் புடிச்சன் டீச்சர், அவதான் கைய உதறிட்டா" என்றேன், டீச்சர் கேட்டு முடிக்கும் முன்பே. டீச்சர் தன் ஒரு கையை மற்றக் கையால் பிடித்து, உதறிக் காட்டி, அப்படியா என்று ரஜிதாவிடம் சைகையால் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

அதிபருக்கு அது போதுமாக இருந்தது. "இனிப் பொறுப்பெடுக்க ஏலாது" என்று சொல்லிவிட்டார். கரையோரம் அவளைத் தனியே விட்டுவைக்கப் பயந்து, அவள் அம்மா அடுத்த கிழமையே வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருந்த தன் தமையன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "அங்க கடல் இல்லதானே மகள்" என்று என் தலையைத் தடவிச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

கடல் இல்லைதான். கொஞ்சக் காலத்தில் அங்கே ஷெல் விழத் தொடங்கியது. சனம் கூட்டம் கூட்டமாக வாவியைக் கடந்து வந்து முகாம்களில் கிடந்தபோது, சோற்றுப் பார்சல் கொடுக்கப் போன என் அம்மாவோடு நானும் ஒட்டிக்கொண்டு போய்க் கூடாரம் கூடாரமாகத் தேடினேன். ஓடுங்க என்று அங்கேயும் யாராவது கத்தியிருப்பார்கள், அப்போது அவள் கையை யார் பிடித்தார்கள் என்ற எண்ணம் அன்று என்னைப் பிடித்தது, யுத்தம் முடிந்து எத்தனையோ வருடமாகியும் விடவில்லை. தாயையோ மகளையோ கண்டதாக இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

போன தை மாதம் என் மகளைச் சேர்க்க அதே பாடசாலைக்குப் போனேன். மின்சார மணி அடிக்கிறது. தண்டவாளத் துண்டு போன இடம் யாருக்கும் தெரியவில்லை, வேப்பங்கிளையில் கம்பி இறுகிய வடு மட்டும் இருக்கிறது. அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதையோடு விசேட கல்வி அலகு என்று ஒரு புது அறை. அங்கிருந்து வந்த இளம் ஆசிரியை, "நீங்களும் இஞ்சதானாம் படிச்ச? அந்த நாளையில இப்படிப் புள்ளைகளச் சேத்தாங்களா?" என்று கேட்டார்.

"ஒராள் இருந்தா" என்றேன்.

"இப்ப எங்க இரிக்காங்க?"

ரஜிதா அன்று என்னைக் காப்பாற்றத்தான் தலையாட்டினாளா, கேட்டது விளங்காமல் வழக்கம்போல ஆட்டினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆசிரியை பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். நான் தலையாட்டினேன்.