வாடகைப் பூதத்தின் தொண்டை

டிங்கர் என்று சொன்னால் அந்த வட்டாரத்தில் ஒரே ஆள்தான். நசுங்கிய கார்க் கதவை உள்ளிருந்து தட்டியெடுத்து, பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தாரென்றால், மோதினவனே வந்து தடவிப் பார்த்தாலும் எங்கே மோதினோம் என்று தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கைகழுவியது. கைதூக்கிவிட ஒருத்தரும் இல்லை. எடுபிடியாக ஏச்சு வாங்கித் தொழிலைக் கற்று, கடைசியில் சொந்தப் பட்டறை போட்டார். பட்டம் வாங்கினவர்களெல்லாம் வண்டியை விட்டுவிட்டு, எப்போது கிடைக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளதைச் சொல்ல வெட்கம் எதற்கு?

படிப்பும் அவருக்குப் பட்டறையில்தான் வந்தது. அப்பளமாக நொறுங்கி வந்த ஒரு காரின் சீட்டுக்கு அடியில் ஒரு புத்தகம் கிடந்தது. சொந்தக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். ‘வாடகைப் பூதம்’, முதல் பாகம். ராஜ்யத்தைப் பந்தயத்தில் தோற்ற ஒரு ராஜா, மீட்டுக்கொடுக்க ஒரு பூதத்தை வாடகைக்குப் பிடிக்கிறான். பூதமோ பெரிய சோம்பேறி. குதிரை கேட்டால் ஒரு நாள் தாமதமாகக் கழுதை வரும். ஒவ்வொரு வரத்துக்குப் பிறகும் பெருமூச்சு விட்டு ஒரே வசனம்தான் சொல்லும்: “கொடுத்தாச்சு. குறை இருந்தால் சுவரிடம் சொல்லு.”

சாப்பாட்டு நேரத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தார். கழுதை வந்த இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் வேலையாட்கள் ஓடிவந்து பார்த்தார்கள். பிறகு தேடித்தேடி ஆறு பாகத்தையும் வாங்கினார். ஆறாவது பாகத்துக்கு வந்தபோது வண்டி ஓடுகிற மாதிரி படித்தார்.

நல்ல சமாசாரத்தைத் தனியாக வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கி, கழற்றிப் போட்ட கார் சீட்டுகளை வட்டமாகப் போட்டு ஒரு கூட்டம் சேர்த்தார். மருந்துக்கடைக்காரர் ராஜா. தையல்கார அம்மா ராணி. கதை சொல்லும் பகுதியெல்லாம் டிங்கர். பூதம், அவர் மனைவியின் தம்பி. பஸ் கண்டக்டர்.

கண்டக்டர் வாயைத் திறந்தால் கடைசி சீட்டில் தூங்குகிறவனும் டிக்கெட்டுக்குக் கை நீட்டுவான். அப்படியொரு குரல். ஆனால் பூதத்துக்கு அது சரிப்படவில்லை. ரொம்பச் சுத்தமாக இருந்தது. “மாப்ளே, வயித்துலேர்ந்து இழு, தொண்டையில உரசு” என்று டிங்கர் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆறு பாகம் முடிந்த கையோடு மறுபடி முதல் பாகம். ஒரு வரியை விட்டால் பக்கம் முழுக்கத் திரும்பப் படிக்க வேண்டும் என்பது சட்டம். எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டதால் சிரிப்பு முன்னாலேயே வந்துவிடும், நகைச்சுவை பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். பூதத்தின் வசனத்தை மட்டும் நாலு பேரும் சேர்ந்தே சொல்வார்கள்.

மூன்றாவது சுற்றில், நாலாம் பாகத்தில் பூதம் கிணற்றில் விழுகிற இடத்தில், கண்டக்டரின் குரல் உடைந்தது. தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு கரகரப்பு. கேட்டவர்களுக்குப் புல்லரித்துவிட்டது. பூதம் இறங்கிவிட்டது என்றார் தையல்கார அம்மா. தான் கற்றுக்கொடுத்தது வீண்போகவில்லை என்று டிங்கர் மார்தட்டினார். அடுத்த வாரமும் அந்தக் குரல் போகவில்லை, அதற்கடுத்த வாரமும். குரல் தாங்கட்டும் என்று மருந்துக்கடைக்காரர் கடையிலிருந்து தொண்டை மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். இருமினால் அதையும் பூதத்தின் இருமல் என்று ரசித்தார்கள். கண்டக்டருக்கும் பெருமைதான். பஸ்ஸில் பயணிகள் முகம் சுளித்ததை அவன் இவர்களிடம் சொல்லவில்லை.

அவன் அக்காவின் காதை ஏமாற்ற முடியவில்லை.

“ஏங்க, அவன் தொண்டை சரியில்ல. டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க.”

“அது சீக்கு இல்ல, வித்தை” என்றார் டிங்கர். “நான் பழக்கினது.”

அவள் இன்னும் இரண்டு தரம் சொன்னாள். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டாள்.

ஐந்தாம் பாகம் முடியும் ஞாயிற்றுக்கிழமை. பூதம் ராஜாவைத் திட்டித் தீர்க்கிற கட்டம். கண்டக்டர் பாதி வரியில் நின்றான். வாய் அசைந்தது, காற்று வந்தது, சத்தம் வரவில்லை. ஆகா என்றார் மருந்துக்கடைக்காரர். கண்டக்டர் சீட்டின் கைப்பிடியை ஓங்கி அடித்தான். மூன்று பேரும் கை தட்டினார்கள். கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். இன்னும் பலமாகத் தட்டினார்கள். கைக்குட்டையில் சிவப்பைப் பார்த்த பிறகுதான் கைகள் நின்றன.

எத்தனை நாளாக இப்படி என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார்.

“நாலாம் பாகத்துலேர்ந்து” என்றார் டிங்கர். “பூதம் கிணத்துல விழுமே, அங்கேர்ந்து.”

டாக்டர் இவரை மேலும் கீழும் பார்த்தார். மருந்துக்கடைக்காரர்தான் தலையைக் குனிந்துகொண்டு மாதக் கணக்கில் மாற்றிச் சொன்னார். தொண்டையில் புற்று, ஆரம்பத்திலேயே வந்திருந்தால் குரலோடு காப்பாற்றியிருக்கலாம், இனிக் குரல்வளையை எடுத்தாக வேண்டும், எடுத்தாலும் உறுதி சொல்ல முடியாது, எடுக்காவிட்டால் நாட்களை எண்ண வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

கண்டக்டர் முடியாது என்றுவிட்டான். கிசுகிசுப்பாக ஒரே கேள்விதான் கேட்டான்: குரல் போன கண்டக்டரை எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள்? மருந்துக்கடைக்காரர் பேசிப் பார்த்தார், தையல்கார அம்மா அழுது பார்த்தார். அக்கா வார்டு வாசலில் டிங்கரை நிறுத்தினாள்.

“உங்க பேச்சைத்தான் கேட்டான். இப்பவும் உங்க பேச்சைத்தான் கேப்பான். போங்க.”

டிங்கர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயிண்ட் நிறம் மாறினால் டப்பாவின் மேல் பழி போடுகிற மனிதர். தப்பு என்ற வார்த்தையைத் தன்னைப் பற்றி அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. மடியில் ஐந்தாம் பாகம் இருந்தது. விட்ட இடத்தைப் பிரித்து, பூதத்தின் வசனத்தைத் தானே படிக்க ஆரம்பித்தார். வயிற்றிலிருந்து இழுத்தார், தொண்டையில் உரசினார். பக்கத்துக் கட்டில்காரர் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டார்.

கண்டக்டர் கையைத் தூக்கி நிறுத்தினான்.

“என்ன மாமா இது? பூதமா, சைக்கிள் மணியா?”

“நீ போயிட்டா இதான் மாப்ளே. வாரா வாரம் நான்தான் பூதம். பரவாயில்லையா உனக்கு?”

கண்டக்டர் சிரிக்கப் பார்த்தான், இருமல் பிடித்துக்கொண்டது. அது அடங்கும்வரை டிங்கர் அவன் முதுகைத் தடவினார். பிறகு புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

“உங்க அக்கா அப்பவே சொன்னா. நான்தான் வித்தைன்னு வாயை அடைச்சேன். தப்பு என்னுது. நீ இருந்து என்னைத் திட்டு மாப்ளே. வாயால முடியலேன்னா கையால திட்டு.”

கண்டக்டர் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

“அறுக்கிறப்ப வலிக்குமா மாமா?”

“மயக்க ஊசி போட்டு, தெரியாம செய்வாங்கடா.”

குரல்வளையை எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளையோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தன் சீட்டில் உட்கார்ந்தான். டிங்கர் பூதமானார். சரியில்லாத வரிக்குக் கண்டக்டர் சீட்டின் கைப்பிடியை ஒரு தட்டு தட்டுவான்; டிங்கர் திரும்பப் படிப்பார். ஒரு பக்கத்துக்கு ஒரு மத்தியானமே போய்விடும். ஒருவரும் முன்னால் சிரிப்பதில்லை. அவன் தோள் குலுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் சிரித்தார்கள்.

ஆறாம் பாகத்தின் நடுவில் நோய் நுரையீரலுக்கு இறங்கியது. பாகம் முடிவதற்குள் அவன் போய்விட்டான்.

அதன் பிறகு டிங்கரின் மனைவி அவரை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. தட்டு வைத்தாள், கரண்ட் பில்லைப் பற்றிப் பேசினாள், சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். வாங்கிப் பழகின உடம்பு அது.

ஷட்டர் பல வாரம் மூடியே கிடந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் வந்து உட்கார்ந்தார்கள். நாலாவது சீட்டை ஒருவரும் நகர்த்தவில்லை. அப்போது டிங்கரின் மனைவி குனிந்து ஷட்டருக்குள் வந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கூட்டத்துக்கு வந்தவளில்லை. நேரே போய்த் தம்பியின் சீட்டில் உட்கார்ந்தாள். அவன் தட்டித்தட்டிக் கைப்பிடியில் ரெக்சின் வெளுத்திருந்தது. விரலால் அதைத் தடவினாள்.

“அவன் குரல் மாறின இடம் எது?”

டிங்கர் நாலாம் பாகத்தை எடுத்துக் கிணற்றுப் பக்கத்தைப் பிரித்தார்.

“படிங்க.”

படித்தார். ஒரு வரியையும் விடவில்லை. பூதம் விழுந்தது, வாளி தலையில் கவிழ்ந்தது, ராஜா கயிற்றுக்குப் பதில் தலைப்பாகையை விட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தின் கடைசியில் பூதத்தின் வசனம் வந்தது. நாலு பேர் சேர்ந்து சொல்லும் இடம். மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்தார், தையல்கார அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“கொடுத்தாச்சு” என்றார் டிங்கர், தனியாக. “குறை இருந்தால் சுவரிடம் சொல்லு.”

அவள் சுவரைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.