துண்டைக் கடித்துக்கொண்டு நான் பார்த்த இருவாச்சி

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போர் ஏறிவிட்டால் எனக்கு ஒரு மாதம் வேலை இருக்காது. கம்பு கதிர் பிடிக்கும் வரை பறவை விரட்ட யாருக்கும் ஆள் தேவைப்படாது. இந்த வருஷம் அந்த ஓய்வில், மாசி மாதத்தில், நானும் உத்திரமேரூர் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ரஹீம் பாயும் ஆனைமலைக் காட்டுக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தோம். மரம் வெட்டவோ வேட்டையாடவோ போகவில்லை. ஒரு பறவையைப் பார்க்கப் போனோம். சமீபத்தில் எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த நம் படிப்பகத்தில் இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது போக ஆசை வந்தால் உதவட்டும் என்று, ஒரு நாளைக்கு அரைப் பக்கமாக எழுதி முடித்திருக்கிறேன்.

பாய் பொட்டலம் கட்டப் பழைய காகிதம் எடைக்கு வாங்குவார். பதினோரு வருஷத்துக்கு முன் அப்படி வந்த ஒரு தாளில் இருவாச்சிப் பறவையின் படம் இருந்தது. அலகுக்கு மேல் இன்னொரு அலகைக் கவிழ்த்து வைத்தது போன்ற மூஞ்சி. பெட்டை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து வாசலை உள்ளிருந்தே பூசிக்கொள்ளும், ஒரு கீற்று அளவுக்குத்தான் திறப்பு இருக்கும், குஞ்சு பொரித்து வளரும் வரை ஆண்பறவை அந்தக் கீற்று வழியாகப் பழம் ஊட்டும் என்று கீழே போட்டிருந்தது. பாய் அந்தத் தாளில் மட்டும் மிளகாய் கட்டவில்லை. தராசுக்குப் பின்னால் சுவரில் ஒட்டிவிட்டார். அன்றைக்கு எனக்குப் படிக்கத் தெரியாது. அவர்தான் படித்துச் சொன்னார்.

எதிர்க்கடை டீ மாஸ்டர் அதைப் பார்க்கும்போதெல்லாம் கிண்டல் செய்வான். “இது காயிதத்துல மட்டும் கீற பட்சி பாய். பொண்டாட்டிக்கு மாசக் கணக்கா ஊட்டிக்கினு இருக்கிற ஆம்பள ஒலகத்துல எங்க கீறான்?”

“கீறான். ஒரு நாளு பாத்துட்டு வந்து உங்கிட்ட சொல்றேன்” என்பார் பாய். இப்படியே பதினோரு வருஷம் ஓடியது. கடையை விட்டு அவரால் நகர முடியவில்லை. இப்போது மகன் கடையில் உட்காருகிறான். பொள்ளாச்சியில் இருக்கும் பாயின் மச்சான், ஆனைமலையில் மரம் இழுக்கும் யானை முகாமுக்கு லாரியில் அரிசி பருப்பு அனுப்புகிறவர். முகாமுக்குப் பக்கத்திலேயே இருவாச்சி கூடு வைத்திருக்கிறது, மாசியில் வந்தால் பார்க்கலாம் என்று அவர் கடிதம் போட்டார். பாய் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“முனுசாமி, கெளம்பு.”

“எங்க?”

“பட்சி பாக்க.”

“ஆயுசு பூரா பட்சியத்தான பாத்துக்கினு கீறேன். அதுக்கு ரயிலு வேற ஏறணுமா?”

“நீ வெரட்டின பட்சிதான பாத்த. சொம்மா குந்திக்கினு பாத்தியா எப்பனாச்சும்?” என்றார். கிளம்பினேன்.

இனி வழி. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் பதினெட்டு மைல், காலை பத்து மணி பஸ், எண்பத்தைந்து நயா பைசா. ஓரிக்கைப் பக்கம் பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. காஞ்சிபுரத்திலிருந்து அரக்கோணத்துக்குப் பகல் ஒரு மணி ரயில், அறுபது நயா பைசா. அரக்கோணத்தில் பெரிய ரயிலுக்கு மாற வேண்டும். போத்தனூர் வரை மூன்றாம் வகுப்பு எட்டு ரூபாய் பத்து நயா பைசா. சுமார் இருநூற்று அறுபது மைல் தூரம். விடிந்து ஆறே காலுக்குப் போத்தனூர், அங்கிருந்து சின்ன ரயிலில் எண்பது நயா பைசாவுக்குப் பொள்ளாச்சி. மொத்தம் ஆளுக்குப் பத்து ரூபாய் முப்பத்தைந்து. திரும்பவும் அதே.

கட்டுச்சோறு கொண்டுபோங்கள். பாய் வீட்டில் சப்பாத்தியும் என் வீட்டில் புளிச்சோறும் கட்டிக் கொடுத்தார்கள். அரக்கோணம் தாண்டுவதற்குள் அவர் புளிச்சோற்றையும் நான் சப்பாத்தியையும் முடித்துவிட்டோம்.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பலகையை நானே படித்தேன். காட்பாடி. ஜோலார்பேட்டை. முன்பு ஒருமுறை திருப்பதிக்குப் போனபோது, எந்த ஊர் எந்த ஊர் என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டுக்கொண்டே போனவன் நான். இந்தத் தடவை மற்றவர்கள் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தேன். ஜோலார்பேட்டை வந்தபோது பாய் கண்ணைத் திறந்து, “யோவ், நீ இன்னா கார்டா? கொஞ்சம் தூங்க வுடு. பேஜார் பண்ணாத” என்றார்.

பொள்ளாச்சியில் மச்சான் வீட்டில் நாஷ்டா முடித்து, காட்டுக்குப் போக அனுமதிச் சீட்டும் வாங்கிக்கொண்டு, பதினொரு மணிக்கு அவர் லாரியில் அரிசி மூட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்தோம். சமவெளியில் பதினாலு மைல், மலையில் எட்டு மைல். அந்த எட்டு மைலுக்கு மட்டும் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. லாரி டிரைவர் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: “நாளன்னிக்கு ரெண்டு மணிக்குத் திரும்புவேன். விட்டா அடுத்த வாரந்தான்.” ஆக எங்கள் கையில் இருந்தவை இரண்டு காலைப் பொழுதுகள்.

முகாமில் யானைகளை ஆற்றில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் எருமையைத் தேய்க்கிற மாதிரிதான், தேய்க்க வைக்கோல் மட்டும் அதிகம் வேண்டும். முகாமில் வேலை செய்யும் வேலன் என்பவர் எங்களைக் கூட்டிப்போக ஒப்புக்கொண்டார். அந்தக் காட்டிலேயே பிறந்தவர், காடர் இனம். எங்களைவிடப் பத்து வயது சின்னவராக இருக்கலாம். அதிகம் பேசமாட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். தேக்குக் காடு முடிந்து சோலைக்குள் நுழைந்ததும் வெயில் நின்றுவிட்டது. அதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். நல்ல கோடையில் ஏரி மதகுக்குள் தலையை விட்டால் ஒரு குளிர்ச்சியும் மண்வாசனையும் வருமே, அப்படி. மரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. பூனை அளவுக்கு ஓர் அணில் கிளை தாவியது. மூஞ்சியைச் சுற்றி வெள்ளைப் பிடரி வைத்த கறுப்புக் குரங்குகள், பலாப்பழத்தைப் பிய்த்தபடி எங்களைக் கீழ்க்கண்ணால் பார்த்தன. எனக்குக் கை குறுகுறுத்தது. குரங்கைப் பார்த்தால் என் கை கல்லைத் தேடும். அடக்கிக்கொண்டேன். அப்போதே பாயிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கூடு இருந்த மரம் ஒரு சரிவில் நின்றது. இரண்டு பனை உயரம். பாதி உயரத்தில் பொந்து, பூசிய வாசல், நடுவில் கறுப்பாக ஒரு கீற்று. முப்பது கஜம் தள்ளி, விழுந்து கிடந்த ஓர் அடிமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. பாய் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மடியில் விரித்து வைத்துக்கொண்டார். சுவரிலிருந்து உரித்ததில் ஒரு மூலை கிழிந்திருந்தது.

எட்டேகாலுக்குச் சத்தம் கேட்டது. ரயில் இன்ஜின் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது மூச்சு விடுகிற அதே சத்தம், ஆகாயத்தில். வேலன் விரலை உயர்த்தினார். மரங்களுக்கு மேலே, ஆள் கை விரித்த அகலத்துக்கு ஒரு பறவை, வாயில் பழத்தோடு, மரத்தை நோக்கி இறங்கியது.

நான் எழுந்து நின்று, இரண்டு கையையும் தட்டி, “ஹோஓஓய்” என்று கூவினேன்.

யோசித்துச் செய்யவில்லை. ஏழு வயதில் பறவை விரட்டக் கழனிப் பரண் மேல் ஏற்றிவிடப்பட்டவன் நான். பெரிய பறவை ஒன்று இறங்குவதைப் பார்த்தால் எனக்கு முன்னால் என் தொண்டை எழுந்துவிடும். என் கூவல் மூன்று கழனி தாண்டிக் கேட்கும் என்று எங்கள் பக்கத்தில் பேர். அந்தக் காட்டில் எவ்வளவு தூரம் கேட்டதோ தெரியாது. இருவாச்சி காற்றிலேயே திரும்பி, பழத்தைக் கீழே போட்டுவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

பாய் திட்டவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வேலன்தான் பேசினார். “ஆளைக் கண்டு பயந்தா சீக்கிரம் வராது. உள்ள குஞ்சு இருக்கு. நேத்து சத்தம் கேட்டேன்.”

“வராமலே போயிட்டா?” என்றேன்.

“தாய்க்கு றெக்கை உதிர்ந்து இப்பத்தான் முளைக்குது. வெளிய வந்தாலும் பறக்காது” என்றார்.

பகல் ஒரு மணி வரை இருந்தோம். கீற்றில் மட்டும் ஒரு மஞ்சள் அலகு நுனி வெளியே வந்தது, தேடியது, உள்ளே போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. கீழே அது போட்ட பழம் கிடந்தது, ஓர் அத்திப்பழம். அதை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தேன். எத்தனையோ பறவையை விரட்டியிருக்கிறேன். விரட்டின பறவை எங்கே போகும், அதற்காக யார் காத்திருப்பார்கள் என்று அதுவரை நான் நினைத்ததே கிடையாது.

முகாமில் சோற்றைத் தள்ளி வைத்தேன். “நாளைக்கி நீ மட்டும் போ பாய். நான் ஆனையப் பாத்துக்கினு இங்கியே குந்திக்கிறேன்” என்றேன்.

பாய் தட்டிலிருந்து நிமிரவில்லை. “நீ வரலன்னா அது வந்தத நான் யாராண்ட காட்றது? வா. வாய்ல துண்ட வச்சிக்கோ.”

“கைய?”

“கைமேல குந்திக்கோ.”

அதையேதான் செய்தோம். இரண்டாம் நாள் காலை எதிர்ச்சரிவில் நூறு கஜம் தள்ளி ஒரு பாறை மறைவுக்குப் போனோம். நான் துண்டைச் சுருட்டிக் கடித்துக்கொண்டேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேலன் முதன்முதலாக அப்போதுதான் சிரித்தார்.

ஏழு மணி. எட்டு மணி. அலகு நுனி வந்து வந்து போனது. எட்டேகாலும் தாண்டியது. நேற்று சாயங்காலமாவது வந்ததோ, அல்லது நேற்றிலிருந்து அவை பட்டினியோ என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்பதேமுக்காலுக்கு அந்த இன்ஜின் மூச்சு, தூரத்தில். வந்தது. ஆனால் மரத்துக்கு வரவில்லை. வேறொரு கிளையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, நேற்று நான் நின்ற அடிமரத்தையே பார்த்தது. கிளம்பிப் போனது. பாய் என் தோளைப் பிடித்தார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி வந்தது, மறுபடி பார்த்தது. பிறகு ஒரே வீச்சில் இறங்கி, பொந்தின் விளிம்பைக் காலால் பற்றிக்கொண்டது.

தொண்டையிலிருந்து ஒரு பழத்தைக் கக்கி அலகு நுனியில் எடுத்து, கீற்றுக்குள் நீட்டியது. உள்ளிருந்து வாங்கப்பட்டது. இன்னொன்று. இன்னொன்று. நான் எண்ணினேன். இருபத்து மூன்று பழம். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. வயலில் உளுந்து விதைக்கிறவன் கையைவிட நிதானம்.

பாய் தாளை எடுக்கவேயில்லை. என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார். “மஞ்சளா கீதுயா. கழுத்து பூரா மஞ்சள். பதினோரு வருஷமா கறுப்பு வெள்ளைன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயில் துண்டு.

போக நினைப்பவர்களுக்கு: மாசி, பங்குனி நல்லது. மழைக்காலத்தில் அட்டை ஏறும் என்று வேலன் சொன்னார். எங்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் மேலே விடமாட்டார்கள். கம்பளி கட்டாயம். வெள்ளை வேட்டி வேண்டாம், பறவைக்குத் தூரத்திலேயே தெரியும்; பாயின் வேட்டியை மண்ணில் புரட்டி எடுக்கவேண்டி வந்தது. கூட்டுக்கு நூறு கஜத்துக்குள் போகாதீர்கள். கூட்டிப்போகிறவருக்குப் புகையிலையும் கருப்பட்டியும் கொண்டுபோனால் சந்தோஷப்படுவார், ஆனால் கூலியைத் தனியாகக் கொடுங்கள். பறவை விரட்டுகிற தொழில் செய்பவராக இருந்தால் கனமான துண்டு ஒன்று.

ஊர் திரும்பியதும் டீ மாஸ்டர் கடை வாசலிலேயே பிடித்துக்கொண்டான். “இன்னா பாய், பட்சி கீதா?”

“கீது. ஊட்டுது. இருவத்திமூணு பழம், முனுசாமி எண்ணினான்” என்றார் பாய். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். “மொதநாளு அது வந்தவொடனே எழுந்து நின்னு கூப்ட்டு மரியாத செஞ்சவன் இவந்தான். நமக்கு அந்த மரியாத வராது.”

டீ மாஸ்டர் நம்பிவிட்டான். கடைத்தெருவும் நம்பிவிட்டது. நான் அந்தப் பறவையை எழுந்து நின்று வரவேற்றவன் என்றே இன்றுவரை அங்கே பேச்சு. பாய் இனி எந்தக் காலத்திலும் அதை மாற்றிச் சொல்லமாட்டார். அதனால்தான் நடந்ததை நானே இங்கே எழுதி வைக்கிறேன்.

அது திரும்பி வந்ததால் எழுதுகிறேன். வராமல் போயிருந்தால், படிப்பகத்தில் இதை எழுதச் சொல்லி நீங்கள் எத்தனை தடவை கேட்டிருந்தாலும், எனக்கு இன்னும் எழுத்து பிடிபடவில்லை என்றே சொல்லியிருப்பேன்.