இரண்டு சைக்கிளுக்கு ஒரு டயர்

தெருவில் நிறுத்தியிருக்கும் சைக்கிளைச் சும்மா தாண்டிப் போவது அவரால் ஆகாத காரியம். குனிந்து, பின் டயரைக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். சைக்கிளுக்குச் சொந்தக்காரர் சந்தேகத்தோடு வந்து, "என்ன சார் வேணும்?" என்று கேட்டால், கூச்சமே இல்லாமல், "காத்து பத்தாது. நீங்க வேற கொஞ்சம் கனமான ஆளா இருக்கீங்க" என்பார். இத்தனை வருஷமும் அடி வாங்காமல் காலம் தள்ளியிருக்கிறார், அதுவே பெரிய விஷயம்.

தொழில், லிஃப்ட் பழுதுபார்ப்பது. லிஃப்டைத் தூக்க ஒரு கயிறே போதும் என்றாலும் பல கயிறு கட்டித்தான் தொங்கவிடுவார்கள். ஒன்று அறுந்தால் மற்றது தாங்க வேண்டும். இந்தப் பாடம் அவருக்கு எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது. பையில் இரண்டு பேனா, இடுப்பில் இரண்டு சாவிக்கொத்து, மூக்குக் கண்ணாடியும் இரண்டு. குடியிருப்பில் அவருக்குப் பெயரே 'ஸ்பேர் சார்'. காதில் விழுந்தால் கோபப்பட மாட்டார், பாராட்டு என்று எடுத்துக்கொள்வார்.

வருஷத்துக்கு ஒரு தடவை லீவு போட்டுவிட்டு, மூட்டை முடிச்சுகளோடு சைக்கிளிலேயே ஊர் ஊராகச் சுற்றி வருவது அவருக்கும் மனைவிக்கும் வழக்கம். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க நின்றே கால் கடுத்துப்போனவர், "சைக்கிள் சீட்டுதாங்க எனக்கு ஈஸி சேர்" என்பார். கூடாரம், அடுப்பு, போர்வை எல்லாம் கணவர் வண்டியில் ஏறும். மனைவி வண்டியில் ஒரு சின்னப் பை, அவ்வளவுதான்.

வினை அங்கேதான் இருந்தது. அவர் சைக்கிள் சக்கரம் இருபத்தெட்டு இஞ்ச், மனைவியுடையது இருபத்தாறு. போன பயணத்தில் மாற்று டயர், டியூப், சக்கரக் கம்பி அத்தனையும் தன் அளவுக்கே வாங்கிக் கட்டிக்கொண்டார். "உன் வண்டில என்ன பாரம் இருக்கு? அதுக்கு ஒன்னும் ஆகாது" என்று தீர்ப்பு வேறு. ஆள் அரவமில்லாத ஜல்லி ரோட்டில், மனைவியின் டயர்தான் பக்கவாட்டில் கிழிந்தது. டியூப் குமிழாகப் பிதுங்கி டப்பென்று வெடித்தது. பொருந்தாது என்று தெரிந்தும் அவர் தன்னுடைய பெரிய டயரை எடுத்து, அந்தச் சின்னச் சக்கரத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். மனைவி மைல்கல்லில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரியில் ஏறி வீடு வந்து சேர்ந்த பிறகும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த வருஷம் பயணப் பேச்சை ஆரம்பித்ததும் மனைவி, "நீங்க போயிட்டு வாங்க. கடையில லீவு கிடைக்காது" என்றார். லீவே கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். மனைவி இல்லாத பயணத்தை அவருக்கு நினைத்துப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.

மறுநாளே தன் பெரிய சைக்கிளை மைத்துனனிடம் தள்ளிக்கொண்டு போனார். "வச்சுக்கோ, எனக்கு வேணாம்." மைத்துனன் பதறிப்போனான். "என்ன மாமா, தாலாட்டாத குறையா வளர்த்த வண்டி! உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அங்கிருந்து நேராகச் சைக்கிள் கடைக்குப் போய், தன் உயரத்துக்குத் தோதான சட்டத்தில் இருபத்தாறு இஞ்ச் வண்டி ஒன்றைப் பிடித்தார். அடுத்தது டயர். பாரம் தாங்க அகலம் வேண்டும். ரோட்டில் இழுக்காமல் ஓட நடுப்பகுதி வழவழப்பாக இருக்க வேண்டும். கல் குத்தினால் கிழியாதபடி பக்கவாட்டு தடிமனாக இருக்க வேண்டும். ஒவ்வொரு டயருக்குள்ளும் விரலை விட்டுச் சுற்றுச் சுற்றாகத் தடவினார். கடைக்காரர் பொறுமை இழந்து, "சார், டயர் பாக்க வந்தீங்களா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?" என்றார்.

"மாப்பிள்ளை சரியில்லன்னா பேசிப் பாக்கலாம். டயர் கிழிஞ்சா பேச ஆள் கிடையாது" என்றார் அவர்.

ஒரே ரகத்தில் இரண்டு ஜோடி வாங்கினார். ஒரு ஜோடியை, மனைவி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், கேட்காமலேயே அவருடைய சைக்கிளில் மாட்டிவிட்டார். பிறகு தண்ணீர் கேன்களைத் தன் வண்டியில் நாலு பக்கமும் கட்டி, குடியிருப்பைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். மாடியில் துணி காயப்போட்டவர்கள் தண்ணீர் வியாபாரம் என்று நினைத்து விலை கேட்டார்கள்.

புறப்பட இன்னும் ஒரு வாரம். ஹாலில் பழைய போர்வையை விரித்துச் சாமான்களைப் பரப்பியிருந்தார். பஞ்சர் ஒட்டும் பசை, பம்பு, பிரேக் கட்டை, ஒயர், டியூப்கள், மடித்து வைக்கக்கூடிய மாற்று டயர் ஒன்று. மனைவி வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றியபடியே போர்வையை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னங்க, டயர் ஒன்னுதான் இருக்கு? நீங்களா இது?"

"ரெண்டு வண்டிக்கும் அது ஒன்னு போதும். என்னோடதும் இப்ப இருபத்தாறுதான்." நிமிர்ந்து பார்க்காமல் பிரேக் கட்டைகளை அடுக்கினார். "நீ வரலைன்னாலும்... உன் வண்டிக்கும் புது டயர் போட்டு வச்சா நல்லதுதானேன்னு."

மனைவி குனிந்து அந்த டயரை எடுத்தார். கட்டைவிரலால் பக்கவாட்டை ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்தார். பால்கனிக்குப் போய், அதைத் தன் சைக்கிள் கேரியரில் வைத்து, ரப்பர் பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றிக் கொக்கியை மாட்டினார்.