அம்மா கையைத் தூக்கிய படம்

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், செருப்பைக் கழற்றியதும் நான் அவர்களை டிவிக்கு மேலே மாட்டியிருந்த படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன். கேபிள்காரர், கேஸ் போட வருகிறவர், அப்பாவின் கம்பெனி நண்பர்கள், ஒருவரும் தப்பியதில்லை. படத்தில் அம்மா கல்லூரி ஜெர்சியில், வேர்த்து வழிய, வலது கையை உயரத் தூக்கிக்கொண்டு நிற்பாள். "எங்கம்மா ஃபைனல்ஸ்ல ஜெயிச்சப்போ எடுத்தது" என்று விளக்கம் சொல்வேன். பக்கத்தில் நிற்கிற பெண்கள் ஒருத்திகூடச் சிரிக்கவில்லையே என்று கேஸ்காரர் ஒருமுறை கேட்டார். மூச்சு வாங்குகிறது என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

அம்மா கூடைப்பந்தில் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டு போய், யாரிடம் கொடுத்தால் கூடையில் விழுமோ அவளிடம் கொடுப்பதுதான் அந்த வேலை. கூடை போட்டவளுக்குக் கைதட்டல் விழும். கொடுத்தவள் அடுத்த பந்துக்கு ஓடிக்கொண்டிருப்பாள். அந்த ஆட்டத்தால்தான் அவளுக்குக் கல்லூரியில் இடமே கிடைத்தது. கடைசி வருஷம் கேப்டனும் ஆனாள். பிறகு முட்டி போனது, கல்யாணம் ஆனது, நான் பிறந்தேன். இந்த மூன்றில் எது ஆட்டத்தை நிறுத்தியது என்று கேட்டால், "முட்டிதான்" என்பாள், அப்பா பக்கத்தில் இருந்தால்.

அயனம்பாக்கத்துக்குக் குடிவந்த பிறகு, சர்ச்சுக்குப் பின்னால் இருந்த சிமென்ட் தரையில் பெண்பிள்ளைகளுக்குக் கோச் ஆனாள். சாயங்காலம் ஏரிக்காற்று அடித்தால் கூடைக்குப் போட்ட பந்து பாதிரியாரின் வாழைத் தோட்டத்தில் விழும். வருஷங்கள் போயின, கோப்பை ஒன்றும் வந்தபாடில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் பாடகர் குழு அங்கிள் ஒருவர், "என்ன கோச்சம்மா, கப்பு எப்போ?" என்று தவறாமல் கேட்பார். அவரிடம் சிரித்துவிட்டு வந்து, வீட்டில் அம்மா பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவாள்.

அம்மாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. விசில் ஊதியதும், எதிராளியை இடித்தோ தள்ளியோ பவுல் செய்தவள் நடுவர் காட்டுவதற்கு முன்பே தானாகக் கையைத் தூக்க வேண்டும். தூக்காதவள் தரையைச் சுற்றி ஓட வேண்டும். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. வகுப்பில் யார் பேசியது என்று மிஸ் கேட்டால் கையைத் தூக்குகிற ஆளை நான் பார்த்ததே கிடையாது.

நான் மூன்றாவது படிக்கும்போது எங்கள் அணி முதன்முறையாக ஃபைனல்ஸுக்கு வந்தது. ஆட்டமும் எங்கள் தரையிலேயே. காலையிலேயே படத்துக்குக் கீழே இருந்த என் பொம்மைகளை அகற்றி, கோப்பைக்கு இடம் ஒதுக்கிவிட்டேன். அம்மா சாம்பாருக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள். அப்பா வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுத் திருமழிசைக்கு வேலைக்குப் போனார்.

எங்கள் நம்பிக்கையெல்லாம் புவனாதான். அண்ணனூர்ப் பெண். அவள் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அன்று வண்டியை சர்ச் வாசலில் போட்டுவிட்டு, கோட்டோரம் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். புள்ளிகளில் பாதி புவனா போட்டதுதான். ஆனால் நாலு பவுல் ஆகியிருந்தது. ஐந்தாவது விழுந்தால் வெளியே போய் உட்கார வேண்டும். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தது, நாங்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தோம்.

அப்போது கூடைக்கு அடியில் ஒரு பந்துக்காக நாலைந்து பேர் மோதி விழுந்தார்கள். விசில் ஊதியது. எதிரணிப் பெண் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நடுவர் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, எங்கள் ஏழாம் நம்பர் பெண்ணை நோக்கி விரலை நீட்டினார். அவளுக்கு அது முதல் பவுல், ஒரு நஷ்டமும் இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து, அவளுக்குப் பின்னால் புவனாவின் கை மேலே போனது.

"ஏய் புவனா, கைய எறக்குமே! அந்தாளுதான் பாக்கலல்ல!" என்று அவள் அப்பா அலறினார். அதோடு விடாமல் நடுவரிடமும் திரும்பினார். "சார், அது சும்மா தூக்கினு நிக்குது சார், நீ ஆட்டத்த நடத்து!"

நடுவர் புவனாவைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா ஏதாவது சொல்வாள், சண்டையாவது போடுவாள் என்று நான் காத்திருந்தேன். அவளோ அதற்குள் மாற்று ஆளை எழுப்பி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

புவனா அழுதுகொண்டே வெளியே வந்து, "சாரி மிஸ்" என்றாள். அம்மா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தோளில் கை போட்டு, "தலைய நிமித்தி உக்காருடி" என்றாள். மிச்ச ஆட்டம் முழுக்க அந்தக் கையை எடுக்கவே இல்லை. நாங்கள் மூன்று புள்ளியில் தோற்றோம்.

கூட்டம் கலைந்த பிறகு புவனாவின் அப்பா தயங்கித் தயங்கி வந்தார். "எம் பொண்ணு ஒரு லூசு மிஸ்ஸு. உங்க கப்ப கெடுத்துட்டா" என்றார்.

"இவ ஒருத்தி போதும்ணா எனக்கு" என்றாள் அம்மா. அவள் முகத்தில் தோற்ற களையே இல்லை. அவ்வளவு பெருமையாக அவள் என்னைப் பார்த்ததாகக்கூட எனக்கு நினைவில்லை. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்து பொம்மைகளைத் திரும்ப அடுக்கினேன். சாப்பிடும்போது அப்பா ஆட்டத்தைப் பற்றிக் கேட்டதுதான் தாமதம், நான் பொங்கிவிட்டேன். படத்தைக் காட்டி, "நீ ஜெயிச்சதுக்குக் கைய தூக்கினே. அவ தோக்கறதுக்குத் தூக்கறா. அவளப் போய்க் கொஞ்சறியேம்மா!" என்று கத்தினேன்.

அப்பா பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி அம்மாவைப் பார்த்தார். அம்மா படத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரித்துச் சிரித்து அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இன்னுமா நீ சொல்லல?" என்று அப்பா கேட்டார்.

"அவளே பாத்துக்கட்டும்" என்றாள் அம்மா.

நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். அதே ஜெர்சி, அதே வேர்வை, அதே கை. படத்தின் ஓரத்தில், சட்டத்துக்குள் பாதி மறைந்து, கன்னம் உப்ப விசில் ஊதிக்கொண்டு ஒருவர் நின்றார். அவருடைய விரல் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த வேறொரு பெண்ணை நோக்கி நீண்டிருந்தது. அவர் யார், அங்கே என்ன செய்கிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் தண்ணீர் கேன் போட வந்தவரை நிறுத்தி, எங்கம்மா ஜெயிச்சப்போ எடுத்தது என்று வழக்கம்போலச் சொன்னேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்பது அன்று எனக்குத் தெரியாது.