மேற்குக் கோலில் நின்றவர்

குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே என் கணவர் இனிகோ இரண்டாம் தட்டுச் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் ஏறினார். 1975 ஜனவரி. தோணி கொழும்பு சேரவில்லை. திரும்பவும் இல்லை.

அதன்பின் ஒருநாள் நடந்ததைத்தான் எழுதுகிறேன். கதை கட்ட எனக்குத் தெரியாது. கண்ணால் கண்டது இது.

உடல் கிடைக்காதவருக்கு வெறும் சவப்பெட்டி வைத்துத் துக்கப் பூசை செய்வது எங்கள் வழக்கம். பூசை முடிந்தால் பெண்டாட்டி கறுப்பு உடுத்தவேண்டும். மார்ச்சிலேயே இனிகோவின் அம்மா, என் மாமி பிளாரன்ஸ், பெட்டிக்குச் சொல்லிவிட்டார்.

"ஏளா கிளாடிஸ், எத்தன நாளு அடம் புடிப்ப? அவன் போயிட்டான்."

"நீங்க பாத்தியளா மாமி?"

"நீ பாத்தியா, உசிரோட இருக்கத?"

"செத்தத ஒருத்தர் பாத்து வந்து சொல்லட்டும். அன்னைக்கு உடுத்துதேன்."

அந்த வாரச் சனிக்கிழமை மைதானத்தில் மெல்லிசைக் கச்சேரி. நான்தான் பாடகி. சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு போனேன்.

பந்தாட்டமும் பாட்டும் எங்களுக்கு அந்த ஒரே மைதானத்தில்தான். முந்தின வருட இறுதி ஆட்டத்தில் இனிகோ அங்கே கோல்கீப்பர். கடைசி நிமிடத்தில் பெனால்டி. வழக்கம்போல எம்பி, இரும்பு மேல்கம்பத்தை இருமுறை தட்டினார். வந்த பந்தை நெஞ்சோடு அணைத்தார். ஜனங்கள் அவரைத் தோளில் தூக்கி மில்லர்புரம் வரை கொண்டுபோனார்கள்.

மேடை கிழக்கே. கூட்டம் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. எல்லார் முதுகுக்கும் பின்னால் மேற்குக் கோல். அதைப் பார்க்க முடிந்தவள் நான் மட்டும்.

இரவு 8.10. மூன்றாவது பாட்டு. தூரத்து இருட்டில் இரண்டு வெள்ளைக் கம்பங்கள். மேலே ஒரு கம்பம். நடுவில் ஓர் ஆள்.

எம்பினார்.

டங்... டங்...

தபேலாவை மீறிக் கேட்டது. யாரும் திரும்பவில்லை.

பாட்டை நிறுத்தினால் ஏன் என்பார்கள். சொன்னால் தீர்ந்தது. பெண்டாட்டியே ஆவியைப் பார்த்துவிட்டாள் என்று காலையில் பெட்டி வந்துவிடும்.

பாடினேன்.

கோல் வாய் காலி. அவர் பின்வரிசையில் நின்றார்... கைகளை அகல விரித்துக்கொண்டு.

பாடினேன்.

கூட்டத்தின் நடுவே. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு குழந்தை வீறிட்டது...

பாடினேன்.

மேடைக்கு முன்னால்...

குனிந்தார். மேடைக்கு அடியில் போனார்.

டங்...

என் பாதத்துக்குக் கீழே.

டங்...

மைக்கைக் கையால் பொத்தினேன். "இங்கனயே இருங்க. ஒங்கள யாருக்கும் காட்டிக்குடுக்க மாட்டேன்."

முழுப் பாட்டையும் பாடி முடித்தேன்.

மறுநாள் பாஸ்கல் வந்தான். இனிகோவோடு ஆடியவன், மேடை போட்டவன்.

"மைனி, நேத்து மேட ஆடுச்சா?"

"ஏன் கேக்க?"

"முட்டுக்குக் கால் பத்தல. மேக்க நின்ன கோல் கம்பத்த வெள்ளிக்கெழமையே மேல்கம்பத்தோட புடுங்கி, நீங்க நிக்க எடத்துக்கு அடியில வச்சிட்டோம். பயந்துட்டியளோ?"

"இல்ல" என்றேன்.

மாமியிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது இதைப் படித்துவிட்டு யாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம்.

இனிகோவுக்குத் துக்கப் பூசை இன்னும் வைக்கவில்லை.