வேலிக்கு இந்தப் பக்கம் பச்சைமுத்து ஓட்டல்

பெங்களூரை அடுத்த ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பத்தொன்பது வருடம் சமையலை மேற்பார்வை பார்த்த பச்சைமுத்துவுக்கு ஒரே ஓர் ஆசைதான். நெடுஞ்சாலையோரம் சொந்தமாக ஓட்டல் வைக்க வேண்டும். சொந்த ஊரான தர்மபுரிக்குப் போகும்போதெல்லாம், கிருஷ்ணகிரி சாலையில் ஓட்டல் வாசல்களில் நிற்கும் கார்களை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். உள்ளே சாப்பாடு எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை. கார்கள்தான்.

ஆனேக்கலுக்கு அப்பால் ஆறுவழி விரைவுச்சாலை வரப்போகிறது என்று தெரிந்ததும் முந்திக்கொண்டார். சர்வே கல் நட்ட இடத்திலிருந்து நாற்பது தப்படி தூரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கிப்போட்டார். 'அணுகல் கட்டுப்பாடு கொண்ட சாலை' என்று பேப்பரில் போட்டிருந்தது. அதற்குக் கேன்டீனில் எல்லோருக்கும் விளக்கம் சொன்னவரும் அவரேதான்.

"கன்ட்ரோல்னா என்னா? குடிச்சிட்டு ஓட்டறவன், திருட்டுப் பசங்க யாரும் உள்ள வர முடியாது. டீசன்ட் பார்ட்டிங்கதான் வருவாங்க."

மனைவி அன்னம்மாள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "அந்த ரோட்லருந்து நம்ம கடைக்கு எப்படிங்க வருவாங்க?"

"இன்டிகேட்டர் போட்டுட்டு வருவாங்க. வேற எப்படி?"

அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

ஓட்டல் எழும்பியது. இருபது கார் நிறுத்த மஞ்சள் கோடு போட்டார். சாலையைப் பார்த்தபடி இருபதடி நீளத்துக்குப் பெயர்ப்பலகை மாட்டினார். திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, இரும்பு வேலி போடும் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, கேட் எங்கே வரும் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் விசாரித்தார்.

"பையா, கேட் கிதர்?"

"கேட் நஹி, சாப்."

கூலிக்கு வேலை செய்கிறவன், இவனுக்கு எங்கே பிளான் தெரியப்போகிறது என்று பச்சைமுத்து மனதுக்குள் இரக்கப்பட்டுக்கொண்டார்.

சாலை திறந்த அன்று காலை ஆறு மணிக்கு இருநூறு இட்லி தயார். மாலை போட்ட பெயர்ப்பலகைக்குக் கீழே வெள்ளைச் சட்டையில் நின்றார். கார்கள் வந்தன, வந்த வேகத்திலேயே போயின. ஒன்றாவது இன்டிகேட்டர் போட்டால்தானே? ஒன்பதரைக்கு மேல் ஒரு வெள்ளைக் கார் ஓரங்கட்டி நின்றது. டயரைப் பார்க்க இறங்கிய ஆளுக்குச் சாம்பார் வாசனை எட்டியிருக்க வேண்டும். வேலிக்குப் பக்கத்தில் வந்தார்.

"சார், உள்ள எப்படி வரணும்?"

அன்னம்மாள் கேட்ட கேள்வி பச்சைமுத்துவுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. போனை எடுத்து மேப்பில் போட்டுப் பார்த்தார்.

"அடுத்த எக்சிட்ல இறங்கி, ஆனேக்கல் ரோடு புடிச்சி... பத்தொன்பது கிலோமீட்டர் காட்டுது சார்."

"கையை நீட்டினா உங்களைத் தொட்டுடுவேன்!"

"அதான் சார். இருங்க, பார்சல் தரேன்."

பொட்டலம் கம்பி ஓட்டையில் நுழையவில்லை. ஒவ்வொரு இட்லியாகச் சாய்த்து நுழைத்தார். நான்காவது இட்லி பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம் இருக்கும்போது ரோந்து வண்டி வந்து நின்றது. இங்கே வண்டி நிறுத்தக் கூடாது என்று அந்த ஆளை விரட்டிவிட்டு, அதிகாரி இவரிடம் திரும்பி, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"ஏன்ரி, ஹைவேல வியாபாரம் பண்றீங்களா?"

"ஹைவேல இல்ல சார். பக்கத்துல," என்றார் பச்சைமுத்து. பாதி இட்லி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

அதிகாரி போன பிறகு, காலியாகக் கிடந்த மஞ்சள் கோடுகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்னம்மாள் பக்கத்தில் வந்து நின்று சாலையைப் பார்த்தாள். "காத்து நல்லா வருதுங்க," என்றாள். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை என்றிருந்தது அவருக்கு. கேன்டீன் ஆட்கள் போன் செய்தபோது, கடையில் கூட்டம், பேச நேரமில்லை என்று கட் செய்தார்.

பத்து மணிவாக்கில் பக்கத்து நிலத்துக் கன்னடக்கார லட்சுமம்மா இரண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். சாலை அவருடைய நிலத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது. மாட்டுக்கொட்டகை இந்தப் பக்கம், புல் அந்தப் பக்கம்.

"ஏனப்பா, இட்லி இதியா? இருந்தா ரெண்டு குடு. ரோட்டுக்கு அடியில இருக்கிற அண்டர்பாஸை தினம் நாலு தடவ சுத்தி வந்து கால் போச்சு. ஊர்ஜனம் பூரா அங்கதான் நடக்குது. பஸ்ஸுக்கும் அதே தாரி, ஸ்கூலுக்கும் அதே வழி."

பச்சைமுத்து எழுந்தார். "அண்டர்பாஸ் எவ்ளோ தூரம்மா?"

"நோடு, அல்லே," என்று கையை நீட்டிக் காட்டினார். "கூப்பிட்டா கேக்கும்."

அன்னம்மாள் அதற்குள் இட்லிப் பாத்திரத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டாள். பதினொன்றரைக்குள் அண்டர்பாஸ் வாசலிலேயே பாத்திரம் காலி.

இப்போது ஓட்டல் ஒரு தள்ளுவண்டியாக அண்டர்பாஸ் வாசலில் நிற்கிறது. சமையல் மட்டும் பழைய கட்டிடத்தில். மஞ்சள் கோடுகளின் மேல் அன்னம்மாள் வடகம் காயப்போடுகிறாள். ஊரிலிருந்து யாராவது பார்க்க வந்தால், பச்சைமுத்து தானே வேலிவரை கூட்டிப்போய் எல்லாவற்றையும் காட்டுவார். 'இன்டிகேட்டர் போட்டுட்டு வருவாங்க' என்று சொன்னதை, அன்று சொன்ன அதே தோரணையில் சொல்லிக் காட்டி, வந்தவர்களுக்கு முன்னால் தானே சிரித்துவிடுவார்.

மழைக்காலத்தில் அண்டர்பாஸில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். போன புரட்டாசியில் இரண்டு நாள் வண்டியை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லட்சுமம்மா தண்ணீரில் நடந்தே வந்துவிட்டார்.

"நான் மாடு ஓட்டிட்டு வரேன், உனக்கு வண்டி தள்ள ஆகல்வா, முடியாதா?"

பச்சைமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார்.